குளம் காக்கும் குழுவின் ஒருங்கிணைப்பாளரைக் கௌரவிக்கணும்: விழாவா, விருதுக்கு விண்ணப்பமா?

குளக்கரை_சூலூர்:
வணக்கமுங்க. நொய்யல் தண்ணி வர்ற ஒரு குளத்துல 2017 வறட்சிக்கு அப்புறம் தொடங்கின தன்னார்வலர் குழு எங்களுது. அன்னைக்கிருந்து ஒருங்கிணைப்பாளரா இருக்கறது ஒரு அக்கா. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயசு அறுபதைத் தாண்டிருச்சு. ஞாயித்துக்கிழமை காலைல யார் யார் வராங்க, வாய்க்கால்ல எங்க அடைப்பு, ஜேசிபி டீசலுக்கு யார்கிட்டக் கேக்கறது, நீர்வளத்துறையில எந்த மனு நிக்குது, எல்லாம் அவங்க தலையில தான். இந்த வருசம் முறையா ஒரு மரியாதை செஞ்சே ஆகணும்னு குழுவுல பேச்சு. சிலர் மண்டபம் புடிச்சு விழா எடுத்து, பொற்கிழி குடுக்கலாங்கறாங்க. சிலர் பத்மஸ்ரீக்கு எழுதிப் போடலாங்கறாங்க. பணம் கட்டினா கௌரவ டாக்டர் பட்டம் வாங்கித் தர்றதா ஒரு ஆளும் வந்து போயிருக்காருங்க. குழு டிரஸ்டா பதிவாகி இருக்கு, அக்காவும் ஒரு டிரஸ்டி. எல்லாரும் போட்டா எண்பதாயிரம் வரைக்கும் சேரும். எதை எப்படிச் செய்யறதுன்னு விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நொய்யல்வாசி:
முதல்ல அந்த டாக்டர் பட்டம். பணம் கேட்டு வர்ற எந்தப் பட்டமும் வேண்டாம். 2023இல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாக அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு இப்படிப் பட்டம் கொடுத்து, விஷயம் போலீஸ் வரைக்கும் போனது. வாங்கினவர்களுக்குத்தான் தலைகுனிவு. இத்தனை வருசம் உழைத்த ஒருவரை அந்த வரிசையில் நிறுத்தக் கூடாது.

விருதுக்கு எழுதுவதாக இருந்தால், வேலைக்குப் பொருந்துகிற விருதைத் தேர்ந்தெடுங்கள். முதலமைச்சர் மாநில இளைஞர் விருது 15 முதல் 35 வயதுக்காரர்களுக்கு, அது ஆகாது. சுதந்திர தின விழாவில் தரும் சிறந்த சமூக சேவகர் விருது பெண்கள் நலப் பணிக்கானது. உங்கள் வேலைக்கு நேராகப் பொருந்துவது தமிழ்நாடு அரசின் பசுமை சாம்பியன் விருது. மாநிலம் முழுக்க நூறு பேருக்கு, தனிநபர், அமைப்பு, கல்வி நிறுவனம் என்று கலந்து, தலா ஒரு லட்சம் ரூபாய். நீர்நிலைப் பாதுகாப்பும் அதில் வரும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு பார்க்கும்.

பத்ம விருதுக்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம். மத்திய அரசின் ராஷ்ட்ரிய புரஸ்கார் தளத்தில் ஆன்லைனில் மட்டும்தான் ஏற்பார்கள். பணியைப் பற்றிய குறிப்பு அதிகபட்சம் 800 சொற்கள். கடைசித் தேதி வருசத்துக்கு வருசம் மாறுகிறது, அதனால் ஜூலை முடிவதற்குள் அனுப்பிவிடுங்கள். பணியில் இருக்கும் அரசு ஊழியர்களுக்கு இந்த விருது கிடையாது (டாக்டர், விஞ்ஞானி தவிர). ஓய்வுபெற்ற அக்காவுக்கு அந்தத் தடை இல்லை. எட்டாக்கனி என்று விட வேண்டாம். நம்ம பக்கத்திலேயே இயற்கை விவசாயம் செய்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டிக்கு 2021இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விண்ணப்பம் விழுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான்: “அயராது உழைத்தார்”, “தன்னலமற்றவர்” என்று பக்கம் நிரம்பியிருக்கும், என்ன செய்தார் என்பது இருக்காது. தூர்வாரியதை யூனிட்டில் சொல்லுங்கள். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். டிரெய்லரின் நீள அகல உயரத்தை ஒருமுறை டேப் வைத்து அளந்து, நடைக் கணக்கால் பெருக்கினால் போதும். வெளியே போன ஒவ்வொரு யூனிட் மண்ணுக்கும் அதிகபட்சம் 2,830 லிட்டர் தண்ணீருக்கு இடம் கிடைக்கிறது. குளத்துக்குள்ளேயே மேடு கட்டிய மண்ணை இதில் சேர்க்காதீர்கள். அதிகாரி நேரில் வந்தால் முதலில் கண்ணில் படுவது அந்த மேடுதான்.

மரக்கன்று என்றால் நட்டது எத்தனை என்பதைவிட இரண்டு கோடை தாண்டி நிற்பது எத்தனை என்பதை எழுதுங்கள். சீமைக்கருவேலத்தை வெட்டினீர்களா, வேரோடு பிடுங்கினீர்களா என்பதையும் சொல்லுங்கள். வெட்டினது தழைத்துவிடும் என்பது படிக்கிறவருக்குத் தெரியும்.

படத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஏப்ரலில் காய்ந்த குளத்தை “முன்” என்றும் நவம்பரில் நிறைந்த குளத்தை “பின்” என்றும் போட்டால் அது மழையின் சாதனை. இரண்டும் ஒரே மாதமாக, ஒரே மதகுப் பக்கமிருந்து எடுத்ததாக இருக்கட்டும். பழைய படம் இல்லையென்றால் கூகுள் எர்த்தில் பழைய வருசங்களின் செயற்கைக்கோள் படம் கிடைக்கும், அங்கேயும் மாதம் பாருங்கள். கூடவே துறை கொடுத்த அனுமதிக் கடித நகல், ஊராட்சித் தீர்மானம், அந்தக் குளத்துப் பாசன விவசாயிகள் இரண்டு மூன்று பேரின் கையெழுத்திட்ட கடிதம் வையுங்கள். பத்திரிகைச் செய்தி நறுக்குகளைவிட விவசாயி கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

ஆடிட்டர்_திருப்பூர்:
பொற்கிழி விஷயத்தில் ரெண்டு இடத்தில் சிக்கல் இருக்குங்க. அக்கா டிரஸ்டி. டிரஸ்ட் பணத்திலிருந்து டிரஸ்டிக்கே பரிசு போனால், அது அறக்கட்டளை நிதியைச் சொந்த நலனுக்குக் கொடுத்ததாகும். வருமான வரி விலக்கே கேள்விக்குள்ளாகும். 80ஜி ரசீது (கொடுத்தவங்களுக்கு வரிச் சலுகை தர்ற ரசீது) போட்டு வாங்கின நன்கொடையை இதுக்குத் தொடவே கூடாது. உறுப்பினர்கள் தனியாக, சொந்தப் பணமாகப் போடுங்க, அதுக்கு ஒரு தனி நோட்டு வையுங்க, டிரஸ்ட் கணக்கு வழியாகக் கொண்டுபோகாதீங்க.

அடுத்தது தொகை. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பணப் பரிசு மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டின பகுதிக்கு மட்டும் இல்லை, முழுத்தொகைக்கும் வரி உண்டு. எண்பதாயிரத்தையும் பொற்கிழியாகக் கொடுத்தால் எண்பதாயிரமும் அவங்க வருமானத்தில் சேரும். தங்கக் காசாகக் கொடுத்தாலும் மதிப்பு 50,000 தாண்டினால் அதே கதைதான். பென்ஷன் வாங்கறவங்களுக்கு வீண் அலைச்சல். கொடுத்தே தீரணும்னா ஐம்பதுக்குள்ளே நிறுத்துங்க.

கீழ்பவானிக்காரன்:
மேலே சொன்ன ரெண்டும் சரி. ஆனா விருது வருமா வராதான்னு காத்திருக்காதீங்க, அது யார் கையிலயும் இல்லை. மரியாதையை நீங்களே இப்பவே செய்யுங்க. மண்டபம் வேண்டாங்க, குளத்துக் கரை மேலயே வையுங்க. வழக்கமான வேலையை ஒரு மணி நேரம் முன்னாடி முடிச்சுட்டு அங்கேயே நடத்தினா வாராவாரம் வர்றவங்க எல்லாரும் இருப்பாங்க. மண்டபம்னா முகூர்த்த நாள் பாத்து, சிறப்பு விருந்தினர் தேதி பாத்து, கடைசில வேலை செஞ்சவங்க பின்வரிசைல நிப்பாங்க.

பேச்சு மூணு பேருக்கு மேல வேண்டாம். வாய்க்கால் கடைமடை விவசாயி ஒருத்தர், குழுவுல சின்ன வயசுக்காரர் ஒருத்தர், துறை உதவிப் பொறியாளர். ஃப்ளெக்ஸ் கட்டாதீங்க, துணி பேனர் போதும். காகித கப்புன்னு விக்கறதுல உள்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டுல அதுக்கும் தடை. குளம் காக்கற குழு அதை வாங்கவே கூடாது. பாத்திரக்கடைல எவர்சில்வர் டம்ளர் வாடகைக்கு எடுங்க, சாப்பாட்டுக்குப் பாக்குமட்டைத் தட்டு. நூறு பேருக்கு அரிசிம்பருப்பு சாதம்னா அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, கூடத் தயிரும் அப்பளமும் போதும். பருப்பை அரிசிக்கு முன்னாடியே ஊற வெச்சுருங்க, இல்லீன்னா பெரிய அண்டால அரிசி குழைஞ்சாலும் பருப்பு நறுக்குன்னு நிக்கும்.

பாராட்டுப் பத்திரத்தை அச்சகத்துக்காரர்கிட்ட விடாதீங்க. “எந்த வாய்க்கால், எந்த மதகு, எந்த வருசம்”னு மூணு வேலையைப் பேர் சொல்லி எழுதுங்க. குளத்துல அவங்க பேர்ல கல்வெட்டு வெக்க ஆசைப்படுவாங்க. கரை துறைக்குச் சொந்தம், அனுமதி இல்லாம நட்டா புடுங்கிப் போடுவாங்க, அது அவங்களுக்கு அவமானம். அதுக்குப் பதிலா துறை அனுமதியோட மதகுச் சுவர்ல சென்டிமீட்டர் கோடு போட்ட நீர்மட்ட அளவுகோல் ஒண்ணு வெச்சுக் குடுங்க. எனாமல் தகடா இருக்கட்டும், பெயிண்ட் பாசி புடிச்சு ரெண்டு வருசத்துல மறைஞ்சுரும். சுழியத்தை மதகோட அடித்தளத்துக்கு நேரா வெக்கணும். கண்ணளவுல வெச்சா பின்னாடி எடுக்கற கணக்கு எதுக்கும் ஆகாது.

எல்லாத்தையும் விடப் பெரிய மரியாதை, அவங்க தலையில இருக்கறதைப் பிரிச்சு எடுத்துக்கறது. மனு ஒருத்தர், வண்டி ஒருத்தர், கணக்கு ஒருத்தர்னு ஆள் முடிவு பண்ணி அன்னைக்கே பேர் படிங்க. மாலை போட்ட மறு ஞாயித்துக்கிழமையும் டீசலுக்கு அவங்களே போன் பண்ணிட்டு இருந்தா, செஞ்ச விழாவுக்கு என்னங்க அர்த்தம்?

குளக்கரை_சூலூர்:
ரொம்ப நன்றிங்க, தெளிவாகிருச்சு. ஒண்ணே ஒண்ணு. அக்காவுக்கு முன்கூட்டியே சொல்லலாமா, இல்லை அன்னைக்குத் தெரிஞ்சா போதுமா? சொன்னா வேண்டாம்பாங்க.

நொய்யல்வாசி:
விழாவை வேண்டுமானால் கடைசி வாரம் வரை மறைத்து வையுங்கள். விருது விண்ணப்பத்தை மறைக்க முடியாது. பிறந்த தேதி, முகவரி, முந்தைய விருது விவரம் எல்லாம் அவரிடம் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். எழுதினதை அவரே ஒருமுறை படிக்கட்டும். குழுவே செய்த வேலை தன் பெயரில் வந்திருந்தால் முதலில் திருத்துவது அவராகத்தான் இருக்கும். வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னால் குழுவின் பெயரில் விண்ணப்பியுங்கள், பசுமை சாம்பியன் விருதில் அதற்கு இடம் இருக்கிறது.

கீழ்பவானிக்காரன்:
வீட்டுக்காரங்ககிட்ட மட்டும் தேதியை முன்னாடியே சொல்லி வையுங்க. பேரன் பேத்தி வெளியூர்ல இருந்தா டிக்கெட் எடுக்கணும்ல.