மிளகாய் பறித்த கை, மெரினோ கம்பளி ஸ்வெட்டர்: காரம் போக என்ன வழி?

கேள்வி:
மாடியில் ஆறு தொட்டி மிளகாய். காம்பு கிள்ளிய பிறகு சோப்பு போட்டுக் கழுவியும் காரம் நூலில் ஏறிவிடுகிறது. பின்னல் ஊசியில் இருப்பது குழந்தை ஸ்வெட்டர், பாதி முடிந்தது. எப்படி அலசுவது? செடியில் நுனி இலையும் சுருள்கிறது, வேப்பெண்ணெய் போதுமா?

பதில் 1:
காரம் தரும் கேப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். முதலில் தேங்காய் எண்ணெயை நக இடுக்கு வரை தேய்த்துத் துணியால் துடையுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் லிக்விட், இரண்டு முறை. கையுறை போட்டுக் கிள்ளினால் இந்த வேலையே இல்லை!

பதில் 2:
ஊசியில் உள்ள கண்களை (பின்னல் வளையங்களை) வழுவழுப்பான பருத்தி நூலில் கோத்துவிட்டு ஊசியை உருவுங்கள். 4 லிட்டர் பச்சைத் தண்ணீர், ஒரு டீஸ்பூன் ஷாம்பூ, 15 நிமிடம் ஊறல். கசக்கவே கூடாது, சூடும் தேய்ப்பும் சேர்ந்தால் மெரினோ சுருங்கிக் கெட்டியாகிவிடும். துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். குழந்தைக்கு என்பதால் இன்னொரு தடவையும் அலசலாம்.

பதில் 3:
இலை எந்தப் பக்கம் சுருள்கிறது? படகு மாதிரி மேலே மடங்கினால் இலைப்பேன்: லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், மாலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி, வாரம் ஒருமுறை. கீழே கவிழ்ந்து காம்பு நீண்டால் சிலந்திப்பேன். அதற்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) லிட்டருக்கு 3 கிராம். எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் வேண்டாம், இலை கருகும்.

கேட்டவர்:
கீழேதான் கவிழ்ந்திருக்கிறது. வேப்பெண்ணெய் போன ஞாயிறுதான் அடித்தேன்.

பதில் 3:
அப்படியானால் கந்தகம் அடிக்க, எண்ணெய் அடித்து இரண்டு வாரம் ஆகும்வரை பொறுங்கள். அதுவரை சுருண்ட நுனிகளைக் கிள்ளிக் கவரில் கட்டி எறியுங்கள்.