ஜாம் லேபிளில் 'லஷியஸ்' என்று போடலாமா?

காவேரிப்பட்டணத்துக்காரன்:
எங்கள் மாந்தோப்பில் பெங்களூரா ரகம்தான் அதிகம், அது காயாகவே கூழ் ஆலைக்கு லாரி ஏறிவிடும். கிணற்றோரம் நிற்கும் நாலு பீத்தர் ரக மரத்துப் பழத்தை மட்டும் அம்மா ஜாம் காய்ச்சுவார். இந்த வருஷம் ஐம்பது பாட்டில் விற்றுப் பார்க்கலாம் என்று லேபிளுக்குச் சொன்னேன். டிசைன் பண்ணுகிற பையன் அவனாகவே 'லஷியஸ் மேங்கோ ஜாம்' என்று போட்டு அனுப்பிவிட்டான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "லட்சுமின்னா எழுதியிருக்கான்?" என்று கேட்டார். டெலிஷியஸ் தெரியும். இது என்ன? நாளைக்கு அச்சுக்குப் போகிறது.

ஊத்தங்கரை வாத்தியார்:
தம்பி, டெலிஷியஸின் தலையை வெட்டினால் வருவதுதான் இது என்பது அகராதிக்காரர்களின் கணிப்பு. 1400 வாக்கில் 'லிசியஸ்' என்று இருந்து இப்படித் தேய்ந்தது. கேழ்வரகு நம் வாயில் கேவுரு ஆகவில்லையா, அதுபோல. டெலிஷியஸ் லத்தீன் வழி வந்தது. அதன் வேருக்கு 'ஆசை காட்டி இழுப்பது' என்று பொருள். பள்ளியில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சந்தை மாம்பழக் கடைதான் ஞாபகம் வரும், வாசனையிலேயே இழுத்துவிடும்.

ஆனால் லஷியஸுக்கு ஒரு பழைய கதை உண்டு. திகட்டத் திகட்ட இனிப்பது என்ற பொருளிலும் ஒரு காலத்தில் எழுதினார்கள். இன்று அது போய்விட்டது. இப்போது சாறு முழங்கையில் வழியும் பழத்துக்குச் சொல்வார்கள், நடிகையின் உதட்டுக்கும் சொல்வார்கள். இறுகக் காய்ச்சிய ஜாமுக்கு எனக்கென்னவோ ஒட்டவில்லை.

ஓசூர் தங்கச்சி:
அண்ணா, 'ஸ்கிரம்ப்ஷியஸ்' போடுங்க, எங்க ஆபீஸ் கேன்டீன் போர்டில் அதுதான் இருக்கு!

ஊத்தங்கரை வாத்தியார்:
அது 1830களில் அமெரிக்கப் பேச்சில் முளைத்தது அம்மா. முதலில் சாப்பாட்டுக்கே இல்லை. நாம் 'ஜோர்' என்கிறோமே, அந்த மாதிரி. ஆடம்பரம் என்று பொருள்படும் 'சம்ப்சுவஸ்' திரிந்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

காவேரிப்பட்டணத்துக்காரன்:
நன்றி சார். திகட்டும் என்றதுமே அம்மா, "அதை எழுதினா எவன் வாங்குவான்?" என்று முடித்துவிட்டார். 'பீத்தர் மாம்பழ ஜாம்' என்று தமிழிலேயே போடச் சொன்னேன். திருத்தி வந்த லேபிளில் 'பீட்டர் மாம்பழ ஜாம்' என்று இருக்கிறது. பீட்டர் விட வேண்டாம் என்றுதானே இவ்வளவு பாடு! மறுபடி போன் போட்டிருக்கிறேன்.