சேலைத் தளத்துக்கு ஆள் வருகிறார்கள், ஆர்டர் வரவில்லை: எதை அளப்பது?

எல்லோருக்கும் வணக்கம். சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை விற்க எங்கள் குடும்பத்தில் ஒரு சின்ன இணையதளம் நடத்துகிறோம். தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸில் என்கேஜ்மென்ட் ரேட் (மொத்த வருகையில் ஈடுபாடான வருகையின் சதவீதம்) நன்றாகத்தான் காட்டுகிறது. ஆர்டர்தான் அதற்கேற்ற மாதிரி இல்லை.

தோண்டிப் பார்த்தால் ஜிஏ4 (அனலிட்டிக்ஸின் இப்போதைய பதிப்பு) கணக்கே தனி. ஒருவர் 10 விநாடிக்கு மேல் இருந்தாலோ, 2 பக்கம் பார்த்தாலோ, முக்கியம் என்று நாம் குறித்து வைத்த ஒன்றைச் செய்தாலோ, அது ஈடுபாடான வருகை. 10 விநாடி! சில போன்களில் எங்கள் சேலைப் படம் இறங்கவே அவ்வளவு ஆகும். அதை 60 விநாடி வரை கூட்டலாம்; எண் இறங்குமே தவிர விஷயம் விளங்காது. பவுன்ஸ் ரேட்டும் (ஈடுபாடில்லாத வருகையின் சதவீதம்) என்கேஜ்மென்ட் ரேட்டை 100-லிருந்து கழித்ததுதான்.

நிஜமாக வாங்குகிறவர்கள் முந்தானைப் படத்தைப் பெரிதாக்கி முடிச்சுப் புள்ளிகளைப் பார்க்கிறார்கள். "சாயம் போகுமா, எத்தனை அலசலுக்கு?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். அப்புறம் போய்விட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு திரும்ப வருகிறார்கள்.

வாட்ஸ்அப் பட்டனை முக்கிய நிகழ்வாகக் குறித்துவிட்டேன். படத்தைப் பெரிதாக்குவதை டேக் மேனேஜரில் (தளத்தில் நடப்பதை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பும் கூகுள் கருவி) எப்படிப் பிடிப்பது? வாட்ஸ்அப்பில் முடிகிற விற்பனை எந்தச் சேலைப் பக்கத்திலிருந்து வந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? பட்டனை அழுத்தும்போதே சேலைப் பெயர் செய்தியில் விழும்படி செய்தவர்கள் இருந்தால் கொஞ்சம் விளக்குங்கள். நோட்டில் எழுதி வைக்கிற முறையானாலும் சரி. காசு கொடுத்து வாங்கும் கருவி மட்டும் இப்போதைக்கு வேண்டாம்.