கீழ் முதுகு வலிக்கு உதரவிதானத்தை ஏன் அழுத்துகிறார்கள்?

மணல்வீடு:
லண்டனில் இருக்கிறேன், நாள் முழுக்க நாற்காலி வேலை, கீழ் முதுகில் ரொம்ப நாளாக வலி. ஜிபி (குடும்ப டாக்டர்) பார்த்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்றார், அதனால் எலும்பு, தசைகளைக் கையால் அழுத்தி வைத்தியம் செய்யும் ஆஸ்டியோபாத் ஒருவரிடம் போனேன். முதுகைத்தான் பிடிப்பார் என்று பார்த்தால் மல்லாக்கப் படுக்கவைத்து, விலா எலும்புக்கு அடியில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, நான் மூச்சை விட விட உள்ளே அழுத்திக்கொண்டே போனார். "உதரவிதானம் இறுகிக் கிடக்கிறது, அதுதான் மூலம்" என்றார். எழுந்ததும் மூச்சு லேசாக வந்தது உண்மை, வலி மறுநாளே திரும்பிவிட்டது. இன்னும் சில முறை வரச் சொல்கிறார். கைக்காசு போகிறது. இதில் விஷயம் இருக்கிறதா, இல்லை கதையா?

எலும்பன்:
நான் பிசியோ, ஆஸ்டியோபாத்களோடு ஒரே கிளினிக்கில் வேலை. அவர்கள் உதரவிதானத்தை வெறும் மூச்சுத் தசையாகப் பார்ப்பதில்லை. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும், கவிழ்த்த சட்டி போன்ற அந்தத் தசை முன்னால் மார்பெலும்பின் கீழ்நுனியிலும், சுற்றிலும் கீழ் ஆறு விலா எலும்புகளிலும் ஒட்டி, பின்னால் இரண்டு கால்களாக இறங்கி இடுப்பு முள்ளெலும்புகளைப் பிடிக்கிறது. வலது கால் மூன்றாவது எலும்பு வரை, இடது கால் இரண்டாவது வரை. தொடையை மடக்கும் சோவாஸ் தசையின் மேல்முனை அதன் பின்விளிம்புக்கு அடியில் நுழைந்துதான் கீழே போகிறது. அதனால் முதுகு வலி என்று வந்தவரின் விலாவில் கை வைப்பது அவர்களுக்கு வினோதமே இல்லை. உங்கள் கழுத்தையும் தடவிப் பார்த்திருப்பாரே? உதரவிதானத்தை இயக்கும் பிரெனிக் நரம்பு கழுத்தின் 3, 4, 5 ஆம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி வருகிறது, அந்தக் கணக்கு.

அப்புறம் நிணநீர், அதாவது உடல் திசுக்களிலிருந்து வடிந்து ரத்தத்தில் சேரும் திரவம். 1874 இல் அமெரிக்காவில் ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் காலத்திலிருந்தே உடலின் திரவங்கள் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பது அவர்கள் பிடிவாதம். உதரவிதானம் ஏறி இறங்கும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் அழுத்தம் மாறி மாறி வரும், அதுதான் ரத்தத்தையும் நிணநீரையும் இதயப் பக்கம் தள்ள உதவுகிறது. இந்த அளவுக்கு எந்த உடலியல் பாடத்திலும் இருக்கிறது. பிற்பாடு கோர்டன் ஜின்க் என்பவர் இதை விரித்து, இடுப்புத் தளம் (இடுப்புக்கூட்டின் அடித்தசைகள்), கழுத்தடி வாசல் (கழுத்தும் நெஞ்சும் சேரும் இடம்) எல்லாம் உதரவிதானத்தோடு சேர்ந்து இயங்க வேண்டும் என்று ஒரு முறையாகவே ஆக்கினார். உங்களுக்குச் செய்ததில், மூச்சு வெளியேறும்போது விரல் பின்தொடர்ந்து மேலே போகும், இழுக்கும்போது அங்கேயே லேசாகத் தடுத்து நிற்கும், அவ்வளவுதான். தசையை நேரடியாகப் பிடித்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நடுவில் வயிற்றுச் சுவர் இருக்கிறது.

கறார்காரன்:
எலும்பன் சொன்ன உடற்கூறு சரி, யாரும் மறுக்கவில்லை. அது அங்கே ஒட்டுகிறது என்பதற்கும் அதை அழுத்தினால் முதுகு குணமாகும் என்பதற்கும் இடையில் பெரிய ஓட்டை இருக்கிறது. "இறுகிக் கிடக்கிறது" என்பது விரலால் தடவிச் சொல்வது, அதே ஆளை இன்னொருவர் தடவினால் அதையேதான் சொல்வார் என்று நிச்சயமில்லை. அமெரிக்காவில் நிமோனியா வந்த முதியவர்கள் 406 பேரை வைத்து, 2010 இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று உண்டு. அதில் இந்த உதரவிதான அழுத்தலும் இருந்தது. ஒரு குழுவுக்கு முழு ஆஸ்டியோபதிச் சிகிச்சை, ஒரு குழுவுக்குச் சும்மா லேசாகத் தொடுதல், ஒரு குழுவுக்கு வழக்கமான மருந்து மட்டும். சேர்த்த எல்லோரையும் கணக்கெடுத்தால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தெளிவான வித்தியாசம் இல்லை. சிகிச்சையை முழுசாக முடித்தவர்களை மட்டும் பார்த்தால் மருந்துக் குழுவைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள், ஆனால் சும்மா தொடப்பட்டவர்களோடு ஒப்பிட்டால் அதுவும் தேறவில்லை. படுத்துக்கொண்டு ஒருவர் சொல்லச் சொல்ல நிதானமாக மூச்சு விட்டாலே யாருக்கும் லேசாகத்தான் இருக்கும்.

மணல்வீடு:
சரி, அப்போ நிறுத்திவிடலாமா? ஆள் நல்லவர், முறையாகப் பதிவு செய்தவர்தான். நெஞ்செரிச்சலும் இருக்கிறது என்றதும் அதற்கும் இதுவே காரணம் என்றார், அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

எலும்பன்:
நெஞ்செரிச்சல் விஷயத்தில் அவர் முழுக்கக் கதை விடவில்லை. உணவுக்குழாய் உதரவிதானத்தில் உள்ள ஓட்டை வழியாகத்தான் இறங்குகிறது, அதைச் சுற்றியுள்ள தசை இழைகள் இறுக்கிப் பிடித்து அமிலம் மேலே வராமல் பார்த்துக்கொள்கின்றன. வயிற்று மூச்சுப் பயிற்சியால் அமிலம் ஏறுவது குறைந்ததாக ஆஸ்திரியாவில் 2012 இல் ஒரு சின்ன ஆய்வும் வந்தது. ஆனால் கவனியுங்கள், அது நோயாளி தானே செய்த பயிற்சி, யாரும் விலாவை அழுத்தவில்லை.

பதிவு இருப்பது நல்லது, பிரிட்டனில் 1993 சட்டப்படி பதிவில்லாதவர் ஆஸ்டியோபாத் என்று பலகை மாட்டவே முடியாது. ஆனால் அது ஆளின் பயிற்சிக்குச் சான்று, ஒவ்வொரு விளக்கத்துக்கும் இல்லை. முதுகு வலிக்குக் கை வைத்தியம் பார்க்கலாம், உடற்பயிற்சியோடு சேர்த்து மட்டும் என்றுதான் அங்குள்ள நைஸ் (NICE, சிகிச்சை வழிகாட்டிகள் வெளியிடும் அமைப்பு) வழிகாட்டியே சொல்கிறது. அதனால் அடுத்த முறை போனால் வீட்டில் செய்ய என்ன பயிற்சி என்று கேளுங்கள். தராமல் "வாரா வாரம் வாங்க" என்றால் வேறு ஆளைப் பாருங்கள். எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நிலை (ஆஸ்டியோபோரோசிஸ்), வயிற்றில் சமீபத்திய ஆபரேஷன், ரத்தக்குழாய் வீக்கம் ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் அழுத்தவே விடாதீர்கள். விழுங்கச் சிரமம், எடை குறைதல், காலில் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்படாமல் போவது, இதெல்லாம் வந்தால் ஆஸ்டியோபாத்தும் வேண்டாம் நானும் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.