‘கூட்டுப் பேரம்’ பொருந்துமா?

மடல் 1
அன்புடையீர், அரசு ஊழியர்கள் சங்கமாகக் கூடித் தம் ஊதியத்தையும் பணி நிலைமைகளையும் அரசோடு பேசி ஒப்பந்தமாக்கிக்கொள்ளும் உரிமை குறித்த சட்ட விளக்கக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஆங்கிலத்தில் ‘collective bargaining’ எனப்படும் அவ்வுரிமைக்கு, நாளிதழ்களில் வழங்கும் ‘கூட்டுப் பேரம்’ என்பதையே இதுவரை இட்டுள்ளேன். ஆனால் ‘குதிரைப் பேரம்’ கேட்டுப் பழகிய காதுக்கு அது ஓர் உரிமையின் பெயராகத் தோன்றுமா? ‘கூட்டுப் பேச்சுவார்த்தை’ என்றால் போதாதா?

மடல் 2
போதாது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 98-ஆம் உடன்படிக்கை (1949), அரசு நிர்வாகத்தில் ஈடுபட்ட ஊழியர்களின் நிலையைத் தான் கையாளவில்லை என்று 6-ஆம் பிரிவில் ஒதுங்கிக்கொண்டது. பொதுப்பணியாளர்களுக்கென 1978-இல் வந்த 151-ஆம் உடன்படிக்கை பேச்சுவார்த்தையையோ, பணி நிலைமைகளைத் தீர்மானிப்பதில் அவர்கள் பங்கேற்க உதவும் பிற வழிகளையோ ஏற்கிறது. 1981-இன் 154-ஆம் உடன்படிக்கையோ நாம் தேடும் சொல்லைத் தலைப்பிலேயே தாங்கியது. இரண்டுக்கும் ஒரே சொல்லை இட்டால் கையேடு குழம்பும். அப்பிற வழிகளுள் ஒன்றாக, அரசு கேட்டுக்கொண்டு பின் தானே முடிவெடுப்பது கலந்தாய்வு. இரு தரப்பும் விட்டுக்கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது பேரம்.

மடல் 3
பொருள் வேறுபாட்டை ஏற்கிறேன், சொல்லை ஏற்கமாட்டேன். ‘பேரம்’ தெலுங்கின் வழி வந்தது என்பர். ‘வியாபாரம்’ தேய்ந்தது என்பாரும் உளர். நம்மிடம் ‘பகர்தல்’ இருக்கிறது. சொல்லுதல், விற்றல் என்னும் இரு பொருளும் அதற்குண்டு. சிலப்பதிகாரத்தின் ‘பகர்வனர் திரிதரு நகர வீதி’ விற்போர் திரியும் வீதியே. விலையைச் சொல்வதே விற்பனையின் தொடக்கம் என்பதால், பேசிப் பெறும் உரிமைக்குக் ‘கூட்டுப் பகர்வு’ என்பதினும் பொருத்தமான சொல் எது? பட்டினப்பாலை வணிகர் ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ வாழ்ந்தவர் என்பதையும் நினைவூட்டுகிறேன்.

மடல் 4
புலவர் ஐயா, மிகையும் குறையும் இல்லாத அந்த வணிகரிடம் பேரத்துக்கே வேலையில்லையே! மேலும் ‘பகர்வு’ அச்சில் ஓரெழுத்துப் பிசகினால் ‘பகிர்வு’ ஆகும். ஊழியர் அதை இலாபப் பங்கீடு என்று படிப்பார். சங்கக் கூட்டத்தில் தம் உரிமையின் பெயரை விளங்கிக்கொள்ள அகராதி தேட வேண்டியவர், அவ்வுரிமையைக் கேட்பது எங்ஙனம்?

மடல் 5
தூய்மையைப் பழிப்பது எளிது. ‘காரியதரிசி’ போய்ச் ‘செயலர்’ வந்தபோதும் விளங்காது என்றே சொன்னார்கள். போகட்டும், ‘பேரம்’ என்றே வையுங்கள். ‘உரிமை’யோடு அதைப் புணர்த்துங்கள் பார்ப்போம்: மகரம் கெட்டு, வகரம் தோன்றிப் ‘பேரவுரிமை’ ஆகிறது. சட்டப் பேரவையின் சிறப்புரிமை என்று படிக்கமாட்டார்களா?

மடல் 6
அனைவர்க்கும் நன்றி. நால்வர் ‘கூட்டுப் பேரம்’ என்றும், ஒருவர் ‘கூட்டுப் பகர்வு’ என்றும் எழுதியிருந்தீர்கள். ‘கூட்டுப் பேர உரிமை’ என்று இடம் விட்டே எழுதி, இன்று காலை கையேட்டை அனுப்பிவிட்டேன். 151-ஆம் உடன்படிக்கை வரும் இடங்களில் மட்டும் ‘பேச்சுவார்த்தை’ நிற்கிறது.

மடல் 7
இடம் விடுவது இலக்கணமாகாது. இரண்டாம் பதிப்பு வருமானால் தெரிவியுங்கள்.