வட சென்னையில் ஆளில்லாத இடங்கள்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

எர்ணாவூர்க்காரன்:
பேய் பார்த்த கதை வேண்டாம், அது நிறைய இருக்கிறது. ஓரிடத்துக்குப் போய், நிற்கவும் பயம், கிளம்பவும் மனசு வராமல் நின்ற அனுபவம் இருந்தால் சொல்லுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன்.

தெரிந்த மீனவ அண்ணன் ஒருவர் எண்ணூர் முகத்துவாரத்துக்குப் படகில் கூட்டிப்போனார். விடிய இன்னும் நேரம் இருந்தது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். பக்கிங்காம் கால்வாயும் அங்கேதான் வந்து கலக்கும். ஒரு பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், உச்சியில் சிவப்பு விளக்கு. இன்னொரு பக்கம் அலையாத்திப் புதர். வத்த நேரம் என்பதால் சேறு வெளியே தெரிந்தது. அதில் பென்சிலைக் குத்தி வைத்தாற்போல் ஆயிரக்கணக்கில் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று இருக்காது, அதனால் வேர் மேலே எழும்பி மூச்சு வாங்கும். படித்துத் தெரிந்ததுதான். ஆனால் இருட்டில், சுற்றிலும் ஒரு மனிதர் இல்லாதபோது, அத்தனையும் நம்மைப் பார்த்து நீளும் விரல்கள்தான்.

பனி கொஞ்சம் விலகியது. தண்ணீர் மேல் தலைகள்.

உடம்பு இல்லை, வெறும் தலைகள். ஏழெட்டு இருக்கும். மெல்ல நகர்ந்தன. ஒரு சத்தம் இல்லை. எனக்கு அடிவயிறு சில்லிட்டுவிட்டது. அண்ணன் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “இன்னா தம்பி, பயந்துட்டியா? றால் புடிக்கிறாங்க.”

கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள். பிடித்ததைப் போட பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போனபோது ஒரு அம்மாவின் கண் மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது. வாயில் பறி இருந்தால் யார் பேச முடியும்? அந்த அமைதிக்குக் காரணம் அவ்வளவுதான். காரணம் தெரிந்த பிறகும் முதுகுக் குளிர் போகவில்லை என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பெரம்பூர் மில் வீடு:
நம்மூர்ப் பாழிடம் எதுவும் ராஜா காலத்து மண்டபம் இல்லை, நம் அப்பா வேலைக்குப் போய்வந்த இடம். எனக்கு அது பின்னி மில். 1996இல் மூடினார்கள். அப்பா தறியில் இருந்தவர். சில வருஷம் கழித்து சினிமா படப்பிடிப்புக்கு உள்ளே விட்டார்கள். தண்ணீர் கேன் இறக்கும் வேலையில் நானும் போனேன்.

ரம்பப் பல் மாதிரிக் கூரை, கண்ணாடி உடைந்து, அந்த ஓட்டை வழியாக வெயில் சாய்ந்து விழும். செங்கல் சுவரில் அரசமரம். வேர் சுவரைப் பிளக்கவில்லை, கட்டிப் பிடித்திருந்தது. இரண்டில் எது எதைத் தாங்குகிறது என்று தெரியாத மாதிரி. தரையெல்லாம் வவ்வால் எச்சம். மூக்கைத் துளைத்தது. இதற்கு நடுவில் கலை இயக்குநர் ஆட்கள் செயற்கை ஒட்டடையை ஊதிக்கொண்டிருந்தார்கள்! நிஜ ஒட்டடை கேமராவில் எடுபடவில்லையாம்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகு நான் தனியாக உள்கூடத்துக்குப் போனேன். சைக்கிள் ஸ்டாண்டு எண்கள் சுவரில் பெயின்டு அழியாமல் அப்படியே இருந்தன. எண்ணுக்குக் கீழே ஆள் உயரத்துக்கு எருக்கஞ்செடி, வரிசை பிசகாமல். சிமென்ட் வெடிப்பு அந்த வரிசையில் ஓடியிருக்கும், வேறொன்றும் இல்லை. ஆனாலும் ஷிப்டு மாறக் காத்து நிற்கும் ஆட்கள் மாதிரிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அரசமரத்தைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். “எந்தச் சுவரு? கிழக்காலயா, மேற்காலயா?” என்றார். கவனிக்கவில்லை என்றேன். “அப்புறம் போய் இன்னாத்தடா பாத்த” என்று திட்டிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒற்றியூர் ஆயா பேத்தி:
எங்களுடையது காடு இல்லை, கடல். 1875க்குப் பிறகு துறைமுகச் சுவர் கட்டியதில், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட்டது. மெரினா அகலமானது, எங்கள் பக்கம் கரை தேய்ந்தது. இப்போது பாறாங்கல் கொட்டி நிறுத்தியிருக்கிறார்கள்.

ஆயா வீடு இருந்த இடத்தில் கடைசியாக மிஞ்சியது உறைக்கிணறு. சுற்றி இருந்த மண்ணைக் கடல் உருவிக்கொண்டு போக, கிணறு மட்டும் புகைபோக்கி மாதிரி அலைக்கு நடுவில் நின்றது. ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு உறை, வெளியெல்லாம் பாசி. அலை அடிக்கும்போது உறை இடுக்கு வழியாகத் தண்ணீர் பீச்சும். கூடவே உள்ளே இருந்து ஒரு ஊங்காரம். சாயங்கால வெளிச்சத்தில் அவ்வளவு அழகு, பார்க்கவே கூடாத அழகு.

ஆயாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். இடுப்பில் கை வைத்து நின்று பார்த்துவிட்டு, “நாப்பது வருசம் தண்ணி சேந்தியிருக்கேன், கெணத்தோட வெளிப்பக்கத்த இப்பதான் பாக்குறேன்” என்றாள்.

அடுத்த புயலுக்கு அதுவும் இல்லை.

பாரிமுனை:
உங்கள் அளவுக்கு என்னிடம் இல்லை. பழைய ஜெயில் ரோட்டில் மாடிப் பூங்கா இருக்கிறதே, அது 1770 வாக்கில் கறுப்பர் நகரத்தை, அதாவது இப்போதைய ஜார்ஜ் டவுனை, சுற்றிக் கட்டிய மதிலின் மிச்சம். அந்தச் செலவுக்கு மக்களிடம் வரி வாங்க நினைத்தார்கள். வரி வரவில்லை, வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது. மழை நாளில் அந்த மதில் வளைவு ஒன்றில் ஒதுங்கினேன். வெளியே லாரி ஹாரன், உள்ளே சுவர் வேரிலிருந்து சொட்டும் சத்தம் மட்டும். பத்து நிமிஷம்தான். ஊரே தூரமாகப் போய்விட்டது போல் இருந்தது.

எர்ணாவூர் அண்ணா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கறுத்ததே, நீங்கள் சொன்னது அந்த அலையாத்திதானா? பிழைத்ததா?

எர்ணாவூர்க்காரன்:
அதேதான். நான் போனது அதற்குச் சில மாதம் கழித்து. தண்டில் முழங்கால் உயரத்துக்குத் தாரில் முக்கி எடுத்தாற்போல் கறுப்புக் கோடு, எல்லா மரத்திலும் ஒரே மட்டத்தில். கோட்டுக்குக் கீழே இருந்த மூச்சு வேர்களில் பாதி மொடமொடத்துப் போயிருந்தன. மேலே இலை இருந்தது, சில மரத்தில் தளிரும் இருந்தது. பிழைத்ததா என்று அண்ணனிடம் நானும் கேட்டேன். “நண்டு வரட்டும், அப்ப சொல்றேன்” என்றார்.

அலையாத்தி இலை உப்பை வெளியே தள்ளும், நக்கினால் கரிக்கும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு இலையைப் பறித்து நாக்கில் வைத்தேன். முதலில் உப்பு. பின்னாலேயே மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ ஒன்று. “துப்பு தம்பி, துப்பு” என்று அண்ணன் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார். அந்தச் சத்தத்துக்குத் தண்ணீரில் இருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின.