மனந்திரும்புதல்: கிரேக்கம் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு எங்கள் சபை வாலிபர்களுக்கு, கிரேக்கத்தில் எழுதப்பட்ட புதிய ஏற்பாட்டிலிருந்து அப்போஸ்தலர் நடபடிகள் 2, 3 அதிகாரங்களை எடுக்க வேண்டும். ஒரு வார்த்தையிலேயே நின்றுவிட்டேன்.

மனந்திரும்புதல் என்றால் அழுது வருந்துவது என்றுதான் சின்ன வயதிலிருந்து நினைத்திருந்தேன். ஆனால் 2:37இல் பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் ஏற்கெனவே ‘இருதயத்திலே குத்தப்பட்டவர்களாகி’, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பேதுரு ‘மனந்திரும்பி’ ஞானஸ்நானம் பெறச் சொல்கிறார். அப்படியானால் அந்தக் குத்தல் வேறு, மனந்திரும்புதல் வேறுதானே? மத்தேயு 27:3இல் இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு வருவது ‘மனஸ்தாபம்’. கிரேக்கத்திலும் அங்கே மனந்திரும்புதலைக் குறிக்கும் மெட்டனோயா இல்லை, வேறு சொல். இதைக் கண்டதும் மனசு கனத்துப்போனது.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். அப்போஸ்தலர் 3:19இல் ‘மனந்திரும்பிக் குணப்படுங்கள்’ என்று இரண்டு வினைகள். குணப்படுங்கள் என்ற இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது எபிஸ்ட்ரெஃபோ. அதற்குத்தான் ‘திரும்புதல்’ என்று நேர்ப்பொருள். தமிழில் திரும்புதல் முதல் சொல்லுக்குள்ளேயே போய்விட்டது. இந்த இரண்டையும் பேதுரு பிரித்துச் சொல்கிறாரா, ஒன்றையே அழுத்திச் சொல்கிறாரா?

அப்புறம், 17:30இல் பவுல் அத்தேனே பட்டணத்தாரிடமும் மனந்திரும்பச் சொல்கிறார். தீர்க்கதரிசிகளின் ‘திரும்பி வாருங்கள்’ என்ற அழைப்பைக் கேட்டு வளராத அவர்களுக்கு அது எப்படிப் புரிந்திருக்கும்?

தமிழில் நல்ல விளக்கவுரை இருந்தாலும் சொல்லுங்கள். சனிக்கிழமைக்குள் கிடைத்தால் பெரிய உதவி.